சாய்ந்த மரத்தை எப்படிக் காயவைப்பது? நான் முயன்று பார்த்த வழிகள், ஓர் ஒப்பீடு

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் கரையேறியது. விடிந்து கதவைத் திறந்தால் கொல்லையில் நின்ற நாட்டு மா வேரோடு சாய்ந்து கிடந்தது. வாய்க்கால் கரைப் பூவரசு இரண்டாக முறிந்திருந்தது. பக்கத்து வீட்டு வேம்பு எங்கள் வேலிமேல் படுத்திருந்தது. டெல்டா முழுக்க அன்று லட்சக்கணக்கில் தென்னைகள் போயின. ஒரு வாரத்துக்குள் விறகு வியாபாரிகள் வந்துவிட்டார்கள். அவர்கள் சொன்னது செங்கல் சூளைக்குப் போகும் விறகு விலை. தாத்தா வைத்த மாமரத்தைச் சூளைக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. மரம் அறுக்கும் ஆளைக் கூப்பிட்டு நான்கடி நான்கடியாகத் துண்டு போட்டு, திண்ணையில் உருட்டி வைத்தேன். காய்ந்ததும் நிதானமாகச் செதுக்கலாம் என்பது எண்ணம்.

பங்குனி வெயில் ஏறிய ஒரு மத்தியானம் திண்ணையில் பட்டாசு வெடித்த மாதிரி சத்தம் கேட்டது. பெரிய துண்டின் வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து பட்டை வரைக்கும் விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. பட்டையைத் தட்டியதும் சலித்த மாவு போல மெல்லிய தூள் கொட்டியது. ஐந்தே மாதத்தில் அந்த மாமரத்தில் பாதிக்கு மேல் எதற்கும் ஆகாமல் போய்விட்டது. பூவரசு மட்டும் பிழைத்தது. அதைப் பார்க்க வந்த தச்சாசாரி ஒருவர், "இதை இப்படியே போட்டா பாழாப் போயிடும் தம்பி, மில்லுக்குக் கொண்டுபோய்ப் பலகையா அறுத்துடு" என்று விடாமல் சொல்லி, தானே வந்து அடுக்கியும் கொடுத்திருந்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மழைக்காலத்திலும் எங்காவது ஒரு மரம் விழுகிறது. யாராவது கூப்பிட்டுச் சொல்கிறார்கள். பச்சையிலேயே செதுக்குவது, பலகையாக அறுத்து அடுக்குவது, தண்ணீரில் ஊறப்போடுவது, கூண்டு கட்டிச் சூடேற்றுவது என்று பல வழிகளைச் செய்து பார்த்துவிட்டேன். எந்த மரத்துக்கு, எந்த வேலைக்கு, எது பொருந்தும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். சாய்ந்த மரம் கையில் கிடைத்தால் முடிவெடுக்க உங்களுக்கு இருக்கும் நேரம் மாதக் கணக்கில் இல்லை. முதல் ஒரு வாரம், அதிகம் போனால் இரண்டு வாரம்.

மரம் ஏன் வெடிக்கிறது

இதைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லா முடிவும் சுலபம். பச்சை மரத்தில் தண்ணீர் இரண்டு இடத்தில் இருக்கிறது. நார்க்குழல்களின் உள்ளே, குடத்தில் இருப்பது போல நிற்கும் தண்ணீர் ஒன்று. அந்தக் குழல்களின் சுவருக்குள்ளேயே ஊறியிருக்கும் தண்ணீர் இன்னொன்று. குடத்துத் தண்ணீர் எவ்வளவு வெளியேறினாலும் மரத்தின் அளவு மாறாது, எடைதான் குறையும். ஈரப்பதம் ஏறத்தாழ 28 முதல் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போது சுவரிலிருக்கும் தண்ணீர் போகத் தொடங்குகிறது. மரம் சுருங்குவது அங்கிருந்துதான்.

சுருங்குவதும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லை. நீளவாக்கில் சுருக்கம் இல்லை என்றே சொல்லலாம். நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் கொஞ்சம். வளையத்தைச் சுற்றிய திசையில் அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. முழு உருளை காயும்போது சுற்றளவு ஒரு வேகத்திலும் குறுக்களவு வேறு வேகத்திலும் குறைகிறது. அந்த இழுபறி தீர வேண்டுமானால் எங்காவது பிளந்தாக வேண்டும். பிளவு நடுப்புள்ளியிலிருந்து வெளியே ஓடுவது இதனால்தான். நடுப்புள்ளி உள்ளே இருக்கும் வரை எத்தனை பொறுமையாகக் காயவைத்தாலும் அந்த விரிசலை முழுக்கத் தடுக்க முடியாது.

வெட்டுமுகம் இன்னொரு வில்லங்கம். குழல்களின் வாய் அங்கே திறந்திருப்பதால், பக்கவாட்டில் போவதைவிடப் பல மடங்கு வேகமாக ஈரம் அந்த வழியாகப் போகும். நுனி காய்ந்து சுருங்க, நான்கு விரற்கடை உள்ளே மரம் இன்னும் ஈரமாக உப்பியிருக்கும். வெட்டிய அன்றே வெட்டுமுகத்தை அடைக்கச் சொல்வது இதற்காகத்தான். எங்கள் பக்கத்துப் பழைய ஆட்கள் சாணியும் களிமண்ணும் குழைத்து அப்புவார்கள். மெழுகை உருக்கித் தடவலாம். வீட்டில் மிச்சம் கிடக்கும் ஆயில் பெயின்ட் இரண்டு கை அடித்தாலும் போதும். எதை அடிக்கிறோம் என்பதைவிட எப்போது அடிக்கிறோம் என்பதுதான் கணக்கு. மூன்று நாள் கழித்து அடித்தால், ஏற்கெனவே உள்ளே ஓடிவிட்ட மயிரிழை விரிசலை மூடி மறைக்கிறோம், அவ்வளவுதான்.

முழு உருளையாக வைப்பது

பெரும்பாலானோர் செய்வது இதுதான். இருப்பதிலேயே மோசமான வழியும் இதுதான். செலவு இல்லை, இடம் குறைவு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற தைரியம். ஓரடி குறுக்களவுள்ள உருளை உள்வரை காய வருடக்கணக்காகும். அதற்குள் வெடிப்பும் பூச்சியும் முந்திக்கொள்ளும்.

வேறு வழியே இல்லை, மில்லுக்கு எடுத்துப்போக வண்டி கிடைக்கவில்லை என்றால் குறைந்தபட்சம் நடுப்புள்ளி வழியாக இரண்டாகவோ நான்காகவோ பிளந்துவிடுங்கள். ஆப்பும் சம்மட்டியும் போதும். பிளந்த துண்டில் சுருக்கம் போக இடம் கிடைக்கிறது. முகம் கொஞ்சம் வளையுமே தவிர ஆழமாக வெடிக்காது. பட்டையையும் உரித்துவிடுங்கள், பூச்சி முட்டையிடுவது பெரும்பாலும் அதற்கடியில்தான். கணுவும் முறுக்கும் உள்ள வேம்பு நேராகப் பிளக்காது. அதற்கு வாள்தான்.

பச்சையிலேயே செதுக்குவது

கரண்டி, துடுப்பு, சின்னக் கிண்ணம், கைப்பிடி, பொம்மை மாதிரி சிறிய பொருள்கள் செய்ய நினைத்தால் காயவைக்கும் பேச்சே வேண்டாம். மரம் விழுந்த வாரத்திலேயே உளியை எடுங்கள். பச்சை மா வெண்ணெய் மாதிரி வெட்டுப்படும். அதே மா காய்ந்தபிறகு செதுக்கும் வாச்சி பட்டுத் தெறிக்கும், மணிக்கட்டு நோகும். காய்ந்த புளியங்கட்டையின் வைரத்தில் கரண்டிக் குழி எடுத்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். கசாப்புக் கடையில் வருடக்கணக்கில் கத்தியைத் தாங்குகிற கட்டை அல்லவா அது!

பச்சையில் செதுக்க மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். நடுப்புள்ளி துண்டுக்குள் வரக்கூடாது. பொருளின் கனம் எல்லா இடத்திலும் ஓரளவு ஒன்றாக இருக்க வேண்டும். கிண்ணத்தின் அடி இரண்டங்குலமும் விளிம்பு மூன்று நூலுமாக (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) இருந்தால் விளிம்பு முதலில் காய்ந்து கிழியும். மூன்றாவது, வேலையை நடுவில் நிறுத்தும்போது துண்டை வெளியே விடக்கூடாது. நான் ஒரு பாலித்தீன் பையில் அதே மரத்தின் ஈரச் சீவலோடு போட்டுக் கட்டி வைப்பேன். மூன்று நான்கு நாள் தாங்கும், அதற்குமேல் பூஞ்சை பிடிக்கும். முடிந்தபின் பையிலிருந்து எடுத்து நேராக வெயிலில் வைக்காமல், செய்தித்தாளில் சுற்றி அறையின் நிழல் மூலையில் வைக்கிறேன். கரண்டி என்றால் இரண்டு வாரத்தில் காய்ந்துவிடும். பிறகு உப்புத்தாள், எண்ணெய்.

கடைசலில் கிண்ணம் செய்பவர்கள் இதையே இரண்டு தவணையாகச் செய்கிறார்கள். பச்சையில் ஒருமுறை தடிமனாகக் கடைந்துவிடுவது. சுவரின் கனம் குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு. பத்தங்குலக் கிண்ணத்துக்கு ஓரங்குலச் சுவர். அதைக் காகிதப் பையில் போட்டு நான்கைந்து மாதம் விட்டால் வட்டம் முட்டை வடிவமாகக் கோணிக்கொள்ளும். மறுபடி ஏற்றிக் கடைந்தால் வட்டம் திரும்பும். அந்தக் கோணலை வெட்டித் தள்ளுவதற்கு இடம் விடத்தான் முதலில் அவ்வளவு தடிமன்.

பெரிய சிற்பத்துக்கும் பச்சை மரம் பயன்படும், ஆனால் உள்ளே குடைந்தாக வேண்டும். ஜப்பானில் பியோதோ-இன் கோயிலில் உள்ள அமிதா புத்தர் சிலையை 1053-இல் ஜோச்சோ என்ற சிற்பி பல துண்டுகளை இணைத்து, உள்ளே கூடாக விட்டுச் செய்தார். ஒரே கட்டையில் செய்தால் வெடிக்கும் என்ற தொல்லைக்கு அவர்கள் கண்ட தீர்வு அது. பூரி ஜெகந்நாதர் கோயிலில் பழைய திருமேனிகளை மாற்றிப் புதியவை வைக்கும் நவகளேபரச் சடங்கின்போது, கடைசியாக 2015-இல், புதிதாக வெட்டிக் கொண்டுவந்த வேப்பமரத்தில்தான் திருமேனிகள் வடிக்கப்பட்டன. வருடக்கணக்கில் காயவிட்டு எடுத்த மரமல்ல அது.

கதவு, பெட்டி, நாற்காலி மாதிரி இணைப்பு வேலைக்குப் பச்சை மரம் கூடவே கூடாது. பத்தங்குல அகலப் பலகை ஒன்று காய்ந்ததும் 6 சதவீதம் சுருங்குகிறது என்று வையுங்கள். ஏறத்தாழ ஐந்து நூல் காணாமல் போய்விடும். எந்தப் பொருத்துவாயும் அதைத் தாங்காது.

பலகையாக அறுத்து, நிழலில் அடுக்குவது

என்னிடம் யார் கேட்டாலும் முதலில் சொல்வது இதைத்தான். ஒரே நேரத்தில் நிறைய மரம் கிடைத்து, என்ன செய்யப்போகிறோம் என்று இன்னும் தெளிவில்லாதபோது இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை.

மில்லுக்குப் போகும்போது நீங்களும் கூடவே போங்கள். அவர்கள் பழக்கத்துக்கு அறுத்துத் தள்ளிவிடுவார்கள். நடுப்புள்ளி ஒரே பலகைக்குள் மாட்டும்படி அறுக்கச் சொல்லி, அந்தப் பலகையை மட்டும் விறகுக்கு ஒதுக்கிவிட்டால் மற்றவை தப்பிக்கும். தேவையைவிடத் தடிமன் கூடுதலாக வையுங்கள்: ஓரங்குலப் பலகை வேண்டுமானால் ஒன்றேகால். சுருக்கத்துக்கும் கோணலுக்கும் இழைப்புக்கும் அந்தக் கால் அங்குலம் போய்விடும். மில் ஆட்கள் ஆணியை எண்ணிப் பயப்படுவார்கள். அதில் நியாயம் இருக்கிறது. வீட்டோரத்து மரத்தில் துணிக்கொடி கட்ட அடித்த ஆணி ஒன்றாவது இருக்கும். பட்டையில் நீலக்கறுப்புக் கறை தெரிந்தால் அங்கே இரும்பு இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அந்த ஆசாரி என் பூவரசை அடுக்கிய விதத்தை அப்படியே சொல்கிறேன். மாட்டுக் கொட்டகையின் வடக்குப் பக்கம், கூரை நிழலில் ஹாலோ பிளாக் கற்களை இரண்டு வரிசையாக வைத்தார். தரையிலிருந்து ஓரடி உயரம். கரையானும் தரை ஈரமும் ஏறக்கூடாது. மட்டப்பலகை வைத்து எல்லாக் கல்லையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர அரைமணி நேரம் செலவழித்தார். "அடி கோணலா இருந்தா மரம் அந்தக் கோணலையே படிச்சுக்கும்" என்றார். மேலே ஒரு வரிசைப் பலகை, பலகைக்கும் பலகைக்கும் ஓரங்குல இடைவெளி. அதன்மேல் குறுக்கே ஓரங்குல ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்), ஒன்றரை அடிக்கு ஒன்று. பிறகு அடுத்த வரிசை. மேல் ரீப்பர் கீழ் ரீப்பருக்கு நேர் மேலே நிற்க வேண்டும். விலகினால் பலகை அந்த இடத்தில் தொய்ந்து வளைந்துவிடும். இரண்டு நுனியிலும் பலகையின் விளிம்பை ஒட்டியே ரீப்பர் வைத்தார். ரீப்பர் நன்றாகக் காய்ந்த மரமாக இருந்தது. பச்சை ரீப்பர் வைத்தால் பலகையில் அழியாத கறைக்கோடு விழும். எல்லாவற்றுக்கும் மேல் நான்கு பழைய அம்மிக்கல். வேலை முடிந்ததும் ஒவ்வொரு பலகை முகப்பிலும் பெயின்ட் அடித்துவிட்டுப் போனார்.

இந்த அடுக்கு எவ்வளவு நாளில் காயும்? குளிர் நாட்டுப் புத்தகங்களில் அங்குலத்துக்கு ஒரு வருடம் என்று எழுதியிருக்கும். நம் ஊர் வெயிலுக்கு அது பொருந்தாது. மா, வாகை மாதிரி மரத்தில் ஓரங்குலப் பலகை தை மாதம் அடுக்கினால் சித்திரை முடிவதற்குள் வேலைக்கு ஆகும். இரண்டங்குலம் என்றால் அடுத்த தை வரை விடுவது நல்லது. புளி, கருவேல் போன்ற கெட்டி மரத்துக்கு இன்னும் கூடுதல். தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் இரண்டு மடங்குக்கு மேலேயே ஆகிறது. ஆகவே தேவையில்லாமல் தடிப்பலகை போட வேண்டாம்.

எங்கள் பக்கத்துக்கே உரிய ஒரு கஷ்டம், புயலடித்து மரம் விழுவது ஐப்பசி, கார்த்திகையில். அடைமழையில் காற்றே ஈரம். அந்தக் காலத்தில் எத்தனை நாள் வைத்தாலும் பலகை 16, 17 சதவீதத்துக்குக் கீழே இறங்காது, பூஞ்சைதான் பிடிக்கும். அந்த இரண்டு மாதம் அடுக்கை நான்கு பக்கமும் திறந்து விடுங்கள், மேலே தகரம் மட்டும் போதும். தார்ப்பாய் போட்டு மூடிக் கட்டினால் உள்ளே வெந்துபோகும். மாறாக, பங்குனி அனல்காற்று அடிக்கும்போது மேற்குப் பக்கம் ஒரு கீற்றுத்தட்டி மறைப்பு வேண்டும். மழையில் திறப்பு, வெயிலில் மறைப்பு. ஊர்ப்பக்கம் பலர் நேர்மாறாகச் செய்கிறார்கள்.

காய்ந்துவிட்டதா என்று தெரிந்துகொள்வது

ஈரம் பார்க்கும் கருவி இப்போது விலை மலிவாகவே கிடைக்கிறது. ஆனால் ஊசி குத்துகிற ஆழத்து ஈரத்தைத்தான் அது காட்டும். தடிப்பலகையின் வயிற்றில் என்ன இருக்கிறது என்று தெரியாது. எனக்குத் தராசு மேல்தான் நம்பிக்கை. பலகையின் நுனியை விட்டு ஓரடி உள்ளே தள்ளி ஒரு சின்னத் துண்டு அறுத்து எடுங்கள். எடை 240 கிராம் என்று வையுங்கள். வீட்டு ஓவனில் 103 டிகிரி செல்சியஸ் வைத்து, எடை குறைவது நிற்கும் வரை காயவைத்தால் 150 கிராம் வருகிறது. போன தண்ணீர் 90 கிராம். 90-ஐ 150-ஆல் வகுத்தால் 60 சதவீத ஈரம். உலர்ந்த எடையால் வகுப்பதால்தான் சில பச்சை மரங்களில் 100 சதவீதத்துக்கு மேலும் கணக்கு வருகிறது.

இப்போது அதே பலகையில் மீதி 8 கிலோ இருந்தால், உலர்ந்த எடை 5 கிலோ என்று தெரிந்துவிட்டது. 12 சதவீதம் வேண்டுமானால் அது 5 கிலோ 600 கிராமுக்கு வர வேண்டும். அந்த எண்ணைச் சாக்பீஸால் பலகையிலேயே எழுதி வைத்துவிடுவேன். வாரம் ஒருமுறை தூக்கி எடை போட்டால் எத்தனை தூரம் பாக்கி என்று தெரியும்.

12 என்று சொல்வதற்குக் காரணம், நம் ஊர் வீட்டுக்குள் பெரும்பாலும் மரம் அந்த அளவில்தான் அமைதியாக நிற்கிறது. நாள் முழுக்க ஏசி ஓடும் அறைக்குப் போகிற பொருள் என்றால் 9, 10-க்கு இறக்குவது நல்லது. அடுக்கிலிருந்து எடுத்த பலகையை அந்த அறையிலேயே மூன்று வாரம் ரீப்பர் வைத்துப் போட்டுவிட்டு வேலையைத் தொடங்கினால் போதும்.

தண்ணீரில் ஊறப்போடுவது

காயவைப்பதற்குத் தண்ணீரில் போடுவதா என்று முதலில் நானும் கேட்டேன். மூங்கிலையும் மாமரத்தையும் குளத்தில் ஊறப்போட்டு எடுப்பது நம் பெரியவர்களுக்குத் தெரிந்த வழிதான். காரணம் பூச்சி. மா, ரப்பர், வாகையின் வெளி வெள்ளைப் பகுதி ஆகியவற்றில் மாவுச்சத்து நிறைய. அந்த மாவுக்காகத்தான் தூள்வண்டு வருகிறது. என் திண்ணையில் கொட்டிய தூளும் அதனுடைய வேலையே. வாரக்கணக்கில் ஊறும்போது மாவும் சர்க்கரையும் கரைந்து போய்விடுகின்றன. முழுதாக மூழ்கியிருக்கும் மரத்துக்குக் காற்று கிடைக்காது. காற்றில்லாமல் பூஞ்சை வளராது, வண்டும் இருக்காது. வெடிப்பும் இல்லை, காய்ந்தால்தானே வெடிக்கும்? காஞ்சிபுரத்தில் அத்தி வரதரை 40 வருடத்துக்கு ஒருமுறை அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்தருளச் செய்கிறார்கள். 1979-க்குப் பிறகு 2019-இல் 48 நாள் தரிசனம் நடந்தது. அத்தி உறுதியான மரம் அல்ல. வெளியே கிடந்தால் சில வருடத்தில் உளுத்துப்போகும். பக்தர்களுக்கு அது பெருமாளின் அருள். மரத்தைக் கையாளுகிறவனாகப் பார்க்கும்போது, தண்ணீருக்குள் இருக்கும் மரம் எத்தனை காலம் நிலைக்கும் என்பதற்கு அதைவிட அருகில் வேறு சாட்சி எனக்கு இல்லை.

ஆகவே மரம் விழுந்துவிட்டது, மில் கிடைக்க இரண்டு மாதம் ஆகும், பக்கத்தில் குளமோ பெரிய தொட்டியோ இருக்கிறது என்றால், உருளையை வெளியே வைப்பதைவிடத் தண்ணீருக்குள் தள்ளுவதே மேல். முழுதும் மூழ்க வேண்டும், கல்லைக் கட்டி அமுக்குங்கள். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் நீர்மட்டத்தில்தான் முதலில் அழுகும். இரும்புக் கம்பியால் கட்டாதீர்கள். மரத்தின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து மை போலக் கறுத்துவிடும். தேங்காய்நார்க் கயிறு போதும். குறைகளையும் சொல்லிவிடுகிறேன். எடுக்கும்போது நாற்றம் வயிற்றைப் புரட்டும், மரத்தின் நிறம் கொஞ்சம் வெளிறிவிடும், ஊறியபின் காயவைக்கும் வேலை முழுசாக மிச்சமிருக்கிறது. மீன் வளர்க்கும் குளமானால் தொடவே வேண்டாம்.

குளம் இல்லாதவர்களுக்குப் போராக்ஸ் வழி இருக்கிறது. பத்து லிட்டர் தண்ணீரில் 300 கிராம் போராக்ஸ், 200 கிராம் போரிக் ஆசிட் கரைத்து, அறுத்த அன்றே பச்சைப் பலகையை முக்கி எடுத்து, ஒரு வாரம் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாலித்தீனில் மூடிவிட வேண்டும். ஈரம் இருப்பதால்தான் மருந்து உள்ளே பரவும். காய்ந்த பலகையில் அது மேலோடு நின்றுவிடும். பிறகு வழக்கம்போல ரீப்பர் அடுக்கு. மழை பட்டால் கரைந்துவிடும் என்பதால் வெளியில் நிற்கும் பொருளுக்கு இது ஆகாது. சாப்பாட்டுப் பாத்திரம் செய்யும் மரத்துக்கும் கட்டாயம் வேண்டாம்.

சூடேற்றுவதும் மற்றவையும்

மின்சாரச் சூளையில் ஓரங்குலப் பலகை ஒன்றிரண்டு வாரத்தில் காய்ந்துவிடும், உள்ளே இருக்கும் புழுவும் செத்துப்போகும். ஆனால் சூளைக்காரர்கள் கன அடிக் கணக்கில் பெரிய சரக்கு கேட்பார்கள். ஒரு மரத்துக்காகப் போனால் வேறு யாருடைய தேக்கோடோ சேர்த்துப் போட்டு, அதன் வேகத்திலேயே உங்கள் மாவையும் காயவைப்பார்கள். எனக்கு அப்படி ஒருமுறை நடந்து, பலகைகள் உள்ளுக்குள் தேன்கூடு மாதிரி கிழிந்து வந்தன. மேலே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை, அறுத்தபோதுதான் தெரிந்தது.

நடுத்தரமாக ஒன்று உண்டு: வெயில் கூண்டு. டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனமே இதற்கு வடிவம் கொடுத்திருக்கிறது. பெரிதாக வேண்டாம், மூங்கில் சட்டத்தில் பசுமைக்குடில் பாலித்தீன் போர்த்தி, உள்ளே கறுப்புத் தகரம், மேலும் கீழும் காற்று வழி, முடிந்தால் ஒரு சின்ன மின்விசிறி. இதன் நல்ல குணம் இரவில்தான் தெரியும். பகலில் வேகமாகக் காய்ந்த மேற்பரப்பு இரவில் ஈரம் திரும்பி ஆசுவாசப்படும். அதனால் வெடிப்பு குறைவு. வெறும் அடுக்குக்கு ஆகும் நேரத்தில் பாதியில் எனக்கு முடிகிறது. முதல் இரண்டு வாரம் மட்டும், ஈரம் உள்ளேயே நிற்கும்படி காற்று வழிகளை முக்கால்வாசி மூடி வையுங்கள். பச்சைப் பலகைக்கு எடுத்த எடுப்பில் வறட்டு அனல் ஆகாது.

கடைசலில் கடைந்த பச்சைக் கிண்ணத்தை அங்குலத்துக்கு ஒரு மணி நேரம் என்று தண்ணீரில் கொதிக்கவைத்துவிட்டுக் காயவைப்பவர்கள் இருக்கிறார்கள். நானும் செய்திருக்கிறேன், வெடிப்பு குறையத்தான் செய்கிறது; நிறம் மங்குகிறது. மைக்ரோவேவில் குறைந்த சூட்டில் ஒரு நிமிடம், ஆறவிட்டு மறுபடி ஒரு நிமிடம் என்று கரண்டியைக் காயவைக்கலாம். பொறுமை தப்பினால் உள்ளே கருகிவிடும். சமையலுக்கு வைத்திருக்கும் அடுப்பில் வேண்டாம். பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகு போன்ற பொருளில் ஊறவைத்தால் சுவரில் தண்ணீர் இருந்த இடத்தை அது பிடித்துக்கொள்ளும், மரம் சுருங்காது. 1628-இல் மூழ்கி 1961-இல் தூக்கப்பட்ட ஸ்வீடனின் வாசா கப்பலை அதைத் தெளித்துத்தான் காப்பாற்றினார்கள். தெளிப்பு மட்டும் 17 வருடம் நடந்தது. நம் வேலைக்கு அது செலவு, பிசுபிசுப்பு, பாலிஷும் சரியாகப் பிடிக்காது.

எந்த மரத்துக்கு எது

பூவரசு அடக்கமான மரம், அதிகம் கோணாது, பலகையாக அடுக்குங்கள். பலாவும் அப்படியே. பண்ருட்டிப் பலா தஞ்சாவூர் வீணைக்குப் போவது சும்மா இல்லை. சின்னத் துண்டு கிடைத்தாலும் பலாவை விறகுக்கு விடாதீர்கள். மா விழுந்தால் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும்: ஒரு வாரத்துக்குள் அறுக்கவும் போராக்ஸ் போடவும் முடியாவிட்டால் தண்ணீருக்குள் தள்ளுங்கள், இல்லையென்றால் அன்றே செதுக்கத் தொடங்குங்கள். வேம்பு, நார்கள் உள்ளே ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் மரம், அகலப் பலகை முறுக்கிக்கொள்ளும். குறுகலாக அறுத்து அதிக பாரம் வைக்க வேண்டும். வாகை சிற்பத்துக்கு அருமையானது. தம்மம்பட்டியிலும் அரும்பாவூரிலும் செதுக்குபவர்களுக்குப் பழக்கமான மரம். அறுக்கும்போது மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள், அதன் தூள் தும்மல் போட்டே ஆளைச் சாய்க்கும். வெட்பாலை கிடைத்தால் கடைசல் வேலைக்கு வையுங்கள். கர்நாடகத்துச் சென்னபட்டணப் பொம்மைகளுக்குப் பாரம்பரியமாக அந்த மரம்தான். தென்னை வேறு ஜாதி. வளையமே கிடையாது, வெளிப்புறம் இரும்பு, நடு பஞ்சு. வெளிப்புறத்தை மட்டும் பலகையாக அறுத்து உடனே அடுக்க வேண்டும், பூஞ்சை அதற்கு மாவைவிட வேகமாக வரும்.

மரத்தைத் தூக்குவதற்கு முன்னால் அது யாருடையது என்று கேட்டுக்கொள்ளுங்கள். சாலையோரத்தில் விழுந்தது நெடுஞ்சாலைத் துறையுடையதாகவோ ஊராட்சியுடையதாகவோ இருக்கும். தேக்கு, ஈட்டி, சந்தனம் என்றால் சொந்தக் கொல்லையில் விழுந்தாலும் வனத்துறையிடம் சொல்லாமல் நகர்த்தக்கூடாது.

போன மழைக்கு எங்கள் தெருமுனையில் ஒரு பூவரசுக் கிளை முறிந்தது. இரண்டடி நீளத்தில் மூன்று துண்டு தேறியது. வளைந்திருந்த துண்டைப் பிளந்து, அந்த வாரமே மூன்று துடுப்பு செதுக்கிவிட்டேன். நேரான இரண்டை மில்லில் ஒன்றேகால் அங்குலமாக அறுத்து, கொட்டகை வடக்குப் பக்கம், அதே ஹாலோ பிளாக் கற்கள்மேல் அடுக்கியிருக்கிறேன். மேல் பலகையில் சாக்பீஸால் 2 கிலோ 800 என்று எழுதியிருக்கிறது. நேற்று எடை போட்டபோது 3 கிலோ 50. இன்னும் 250 கிராம் இறங்க வேண்டும்.